கழுதை மாமாவின் அக்கா

எங்கள் அப்பா தன் காலத்தில் ஜவ்வாது மலையில் எத்தனையோ கல்யாணங்களைப் பேசி முடித்தவர். இவனுக்கு அவள் என்ன முறை, அவள் எந்த வகையறா, கட்டலாமா கூடாதா என்று எந்த ஊரில் சந்தேகம் வந்தாலும் ஆள் அனுப்பி அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அப்படிப்பட்ட மனிதர் கடைசியில் ஒரு கழுதையின் கல்யாணத்தில் மாட்டிக்கொண்டு முழித்தார். அதுவும் உயிருள்ள கழுதை இல்லை. டிவியில் வரும் கார்ட்டூன் கழுதை.

அப்போது நான் போளூரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். முகூர்த்தப் பட்டுப் பிரிவு. என் இரண்டு பெண்களும் மலையில் அப்பாவிடமும் தம்பியிடமும் வளர்ந்தார்கள். அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், அங்கேயே வேறு ஒருத்தியின் வீட்டுக்காரர் ஆகிவிட்டார். அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கல்யாணச் சாமான் வாங்க யாரும் செவ்வாய்க்கிழமை வருவதில்லை. அதனால் எனக்கு வார லீவு செவ்வாய். திங்கள் மாலை பஸ் பிடித்து ஜமுனாமரத்தூரில் இறங்கினால், தம்பி வண்டியோடு நிற்பான். அவன் அங்கே பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறான். புதன் காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிடுவேன். முகூர்த்த மாதங்களில் அந்தச் செவ்வாயும் கிடையாது. ஊரெல்லாம் தாலி கட்டும்போது நான் மட்டும் கடையில் நின்று புடவை மடித்துக்கொண்டிருப்பேன்.

தம்பி வாங்கிப் போட்ட டிவியில், சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தக் கார்ட்டூன் ஓடும். ரொம்பப் பழைய வெளிநாட்டுக் கார்ட்டூன். யாரோ தமிழில் பேசி ஒட்டியிருந்தார்கள். அதில் ஒரு கழுதை கழுத்தில் பட்டை கட்டிக்கொண்டு, சைக்கிளில் போகும். மூக்கு நுனியில் கோபம். அதன் வீட்டில் இரண்டு குட்டிகள். பெற்ற குட்டிகள் இல்லை, அக்கா பிள்ளைகள். அதுகள் கழுதையை "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே வீட்டைத் தலைகீழாக்கும். அடுத்த வீட்டில் குடை பிடித்த ஒரு பெண் கழுதை. நம் கழுதைக்கு அவள் மேல் உயிர். தினமும் பூவோ, கேக்கோ எடுத்துக்கொண்டு, இன்றைக்குக் கேட்டே விடுவது என்று கிளம்பும். வாசல் வரைக்கும் போகும். அதற்குள் வாலில் தீப்பிடிக்கும், இல்லையென்றால் குழியில் விழும், இல்லையென்றால் பளபளவென்று ஒரு குதிரை காரில் வந்து இறங்கும். கதை அவ்வளவுதான். அறுபது எழுபது வருஷமாக இதே கதை என்று தம்பி சொன்னான்.

அப்பாவுக்கு ஆரம்பத்தில் அதில் ஆர்வம் இல்லை. களி கிண்டும் நேரத்தில் செய்தி பார்க்க முடியவில்லையே என்ற எரிச்சல்தான். ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு எத்தனை நாள் சுவரைப் பார்ப்பது? ஒரு நாள் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் பழைய தொழில் தலைதூக்கிவிட்டது.

"இதுங்க ரெண்டும் அதுக்கு இன்னா வேணும்?" என்றார்.

"அக்கா பசங்க, தாத்தா."

"அந்தக் குடைக்காரி?"

"அதான் மாமா கட்டிக்கப் போற பொண்ணு."

"இன்னா வகையறா?"

பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கழுதையில் வகையறா உண்டா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லை. சரியாக அந்த நேரத்தில், குட்டிக் கழுதைகள் இரண்டும் ஓடிப்போய்க் குடைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தி! சித்தி! எங்களுக்கு மிட்டாய்!" என்றன.

அப்பா எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னாது? சித்தியா? மாமான்னா அம்மா கூடப் பொறந்தவன். சித்தின்னா அம்மா கூடப் பொறந்தவ. அப்போ இவனும் அவளும் இன்னா ஆச்சு? அண்ணன் தங்கச்சி ஆச்சு! தங்கச்சிக்காடா பூ எடுத்துகினு போற, கழுதை! நிறுத்து டிவியை!"

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. தம்பி போனில் சொன்னான். கடையில் ஒரு கல்யாணக் கும்பல் புடவைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம், நான் பட்டு அலமாரிக்குப் பின்னால் குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தமிழில் பேசி ஒட்டிய புண்ணியவானுக்கு முறை தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அப்பாவிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க முடியுமா? முறை தப்பின குடும்பத்தை என் வீட்டுக்குள் விட மாட்டேன் என்று நின்றுவிட்டார். இரண்டு நாள் டிவி ஓடவில்லை. பிள்ளைகள் சாப்பிடாமல் அழுதன. கடைசியில் அப்பாவே ஒரு தீர்ப்புச் சொன்னார். டிவியில் அதுகள் என்ன வேண்டுமானாலும் கூப்பிடட்டும். இந்த வீட்டில் அவள் அத்தை. மாமனைக் கட்டப் போகிறவள் அத்தைதான்.

அன்றிலிருந்து குட்டிக் கழுதைகள் "சித்தி" என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் என் பெண்கள் இரண்டும் அதை அமுக்குகிற மாதிரி "அத்தை!" என்று கத்தும். அப்பாவும் கூடச் சேர்ந்து கத்துவார். பக்கத்து வீட்டுக்காரர்கள், எங்கள் வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தார்களாம்.

அடுத்த செவ்வாய் நான் போனபோது இந்தக் கச்சேரியை நேரில் பார்த்தேன். சாமைச் சோறும் புளிக்குழம்பும் தட்டில் இருந்தது. பிள்ளைகள் என் மடியில் பாதியும் டிவியில் பாதியுமாக இருந்தார்கள். முறைச் சிக்கல் தீர்ந்த நிம்மதியில் அப்பா அடுத்த விசாரணைக்குப் போயிருந்தார்.

"அது சரி, இந்தக் குட்டிங்களோட ஆத்தாக்காரி எங்க?" என்றார். "பெத்தவ ஒருத்தி இருப்பா இல்ல? ரெண்டையும் தம்பிகாரன் வூட்ல வுட்டுட்டுப் போனவ, ஒரு நாளாவது வந்து எட்டிப் பாத்தாளா? நானும் தெனைக்கும் பாக்கறேன், அவ மூஞ்சியே காட்டல."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எல்லாரும் என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். தம்பி குழம்புக் கரண்டியை ஆராய்ந்தான். அப்பா கூரையில் பல்லி தேடினார்.

எனக்குக் கோபம் வந்தால் குரல் முதலில் வரும், யோசனை பிறகு வரும். "அவளுக்கு இன்னா கஷ்டமோ! இன்னா வேலையோ! சும்மா ஊர் சுத்தப் போயிருப்பாளா?" என்று அந்த முகம் தெரியாத கழுதைக்காக நான் கத்தினேன். "தெனைக்கும் நின்னுகினே வேலை செஞ்சா உங்களுக்குத் தெரியும்!"

"அதுங்களோட அப்பா எங்க, அம்மா?" என்று பெரியவள் நேரம் பார்த்துக் கேட்டாள்.

"அந்த ஆளைப் படம் எடுத்தவங்களே வேணாம்னு வுட்டுட்டாங்க. புத்திசாலிங்க" என்றேன். தம்பிக்குப் புரை ஏறியது.

இப்போது தம்பி கதைக்கு வர வேண்டும். எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஒரு டீச்சர் வருவாள். மலையிலேயே இரண்டு ஊர் தள்ளி அவள் வீடு. வெயிலோ மழையோ குடை இல்லாமல் நடக்க மாட்டாள். அவள் வேலை முடிந்து மேட்டில் ஏறிப் போகும் நேரத்துக்குத் தம்பிக்கு அந்தப் பக்கம் ஏதாவது அவசர வேலை வந்துவிடும். ஊர் முழுக்க வண்டி ரிப்பேர் பார்க்கிறவனுடைய வண்டி, அந்த மேட்டில் மட்டும் தினமும் நின்றுவிடும். அவன் இறங்கித் தள்ளிக்கொண்டே அவளோடு நடப்பான். வருஷக்கணக்காக இந்த வண்டி ரிப்பேர் நடந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். பெண் வேறு வகையறாதான், முறை சரியாக இருக்கிறது என்று அவர் சத்தமில்லாமல் எப்போதோ விசாரித்து வைத்திருந்தார். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவனே சொல்லட்டும் என்று வீடு காத்திருந்தது. அவனோ மேட்டில் தள்ளுவதோடு சரி.

ஒரு சாயங்காலம் என் பெண்கள் ரோட்டோரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மேட்டில் குடை தெரிந்தது. பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மாமா. தினம் தினம் டிவியைப் பார்த்துக் கத்திப் பழகிய வாய் சும்மா இருக்குமா? இரண்டும் ஒரே குரலில், "அத்தை!" என்று ஒரு கத்துக் கத்தின.

அந்தச் சத்தம் எதிர் மலையில் முட்டித் திரும்பி வந்ததாம். ரேஷன் கடை வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் திரும்பியது. டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை. குடையை மட்டும் மெதுவாகத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள். தம்பி வண்டி உடனே ரிப்பேர் தீர்ந்து ஸ்டார்ட் ஆகிவிட்டது.

எங்கள் மலையில் ஒருத்தரை வாய் நிறைய முறை வைத்துக் கூப்பிடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. மாமன் பக்கத்தில் நடக்கிறவளைப் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிட்டுவிட்டால், அது பாதி நிச்சயதார்த்தம். அன்றைக்கே சேதி டீச்சரின் அப்பா காதுக்குப் போய்விட்டது. அவர் கோபக்காரர் இல்லை, ஆனால் பெண்ணைப் பெற்றவர். மறுநாளே தம்பி கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, "இன்னாப்பா, பேசலாமா வேணாமா? ரெண்டு வாட்டி தேதி கேட்டேன், ரெண்டு வாட்டியும் அப்புறம்னுட்ட. இந்த ஆவணிக்குள்ள முடிச்சா சரி. இல்லன்னா எனக்கும் வேற எடம் வந்துகினு கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முன்பே தேதி கேட்டிருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேறு இடம் உண்மையாகவே வந்தது. மலையில் பிறந்து வேலூரில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. பெண் பார்க்க வெள்ளைக் காரில் வந்து இறங்கினாராம். கண்ணாடி, பளபளக்கும் ஷூ. என் சின்னவள் ஓடிவந்து தாத்தாவிடம் மூச்சு வாங்கச் சொன்னாளாம்: "தாத்தா, குதிரை வந்துட்டுது!"

இந்தச் சேதி எனக்குப் போனில் வந்தபோது என்னால் கடையில் நிற்க முடியவில்லை. என் தம்பியை எனக்குத் தெரியும். அந்தப் பெண் போய்விட்டால் அவன் அழ மாட்டான், குடிக்க மாட்டான், வேறு யாரையும் கட்டவும் மாட்டான். அந்த மேட்டில் தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு கிழவனாவான். திங்கள் மாலை வரும்வரை அவனைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே இருந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதுமே ஆரம்பித்தேன். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் திட்டினேன். "ஏன்டா, வாயில இன்னா கொழுக்கட்டையா? அந்தப் பொண்ணு எத்தினி வருஷம் குடையைப் புடிச்சிகினு நிப்பா? ஒரு வார்த்தை சொல்ல உனக்கு இன்னா கேடு?"

"ஆவட்டும்கா" என்றான்.

"எது ஆவட்டும்? குதிரை வந்து கட்டிகினு போவட்டுமா?"

"பாத்துக்கலாம்கா. கம்பியைப் புடிச்சிக்க, வளைவு வருது."

இதுதான் அவன் குணம். கல்லை எறிந்தால் குளம்கூட ஒரு சத்தம் போடும், இவன் போட மாட்டான். என் பிள்ளைகளை வளர்ப்பதைச் சாக்காக வைத்துத்தான் தள்ளிப்போடுகிறான் என்று நானாக முடிவு செய்துகொண்டேன். மறுநாள் சாயங்காலம்வரை அவனோடு பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குத் திட்டுவதைவிடக் கஷ்டம்.

அன்று சாயங்காலம் கார்ட்டூனில் பெரிய விசேஷம். கழுதை ஒரு வழியாகக் குடைக்காரியைக் கேட்டேவிட்டது. அவளும் சரி என்றுவிட்டாள். பந்தல், மேளம், கேக் எல்லாம் தயார். கழுதை கோட்டுப் போட்டு நிற்கிறது. குட்டிகள் பூ தூவுகின்றன. அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார், நேரில் கல்யாணத்துக்குப் போன மாதிரி. அந்த நேரத்தில் காற்றடித்துப் பந்தல் பறந்தது, கேக் சரிந்தது, கழுதை ஆற்றில் விழுந்தது. படம் முடிந்தது.

"தூ!" என்றார் அப்பா. "மலைக்குக் கீழ ஊருங்கள்ல மழை இல்லன்னா ரெண்டு கழுதையைப் புடிச்சியாந்து கல்யாணம் கட்டி வெச்சிடறாங்க. இத்தினி வருஷமா இதுக்கு ஒரு நாதியும் இல்ல."

"ஏன் தாத்தா இதுக்கு மட்டும் கல்யாணமே ஆவல?" என்று சின்னவள் கேட்டாள்.

அப்பா இதைப் பல நாளாக யோசித்து வைத்திருந்தார் போல. பஞ்சாயத்தில் பேசுகிற நிதானத்தோடு சொன்னார். "அது எப்படிம்மா ஆவும்? ஆத்தாவும் இல்ல. தாலின்னா மொத முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவான். மத்த ரெண்டு முடிச்சும் கூடப்பொறந்தவ போடணும். அக்காகாரி வந்து பின்னால நின்னாதான் தாலி ஏறும். இவனுக்கு அக்கா வரவே இல்லையே. அவ வந்தா எல்லாம் நடக்கும். காத்துமில்ல, ஆறுமில்ல, அக்கா வராததுதான் கொறை."

பெரியவள் இதைக் கொஞ்ச நேரம் மனதில் உருட்டிப் பார்த்தாள். "அவளும் துணிக்கடையில வேலை செய்யறாளோ என்னமோ. முகூர்த்த நாள்ல லீவு குடுக்க மாட்டாங்க" என்றாள். குத்திக் காட்டவேண்டும் என்று சொல்லவில்லை. பாவம், காரணம் கண்டுபிடித்தாள்.

எனக்கு இரண்டு போன்கள் ஞாபகம் வந்தன. போன தை மாதத்துக்கு முன்னால் தம்பி ஒரு தரம் கூப்பிட்டான். கடையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். "அக்கா, தை மாசம் ரெண்டு நாள் லீவு கெடைக்குமா?" என்றான். "தை மாசமா? பைத்தியமா உனக்கு? கல்யாண சீசன்ல எவன்டா லீவு குடுப்பான்?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைகாசிக்கு முன்னால் மறுபடி கூப்பிட்டு அதையே கேட்டான். நானும் அதையே சொன்னேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. டீச்சரின் அப்பா தேதி கேட்டதும் அந்த இரண்டு தடவைதான்.

தம்பியைப் பார்த்தேன். அவன் டிவி ரிமோட்டைக் கழற்றி உள்ளே ஏதோ தேடிக்கொண்டிருந்தான். அதில் ஒரு கோளாறும் இல்லை.

"இதுக்காடா?" என்றேன். "என் லீவுக்காகவா?"

"இல்லக்கா, அது..."

"எதுக்குன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"நீ வேலையை வுட்டுட்டு வந்துடுவன்னு பயமா இருந்ததுக்கா" என்றான். "நீ வராமயும் எனக்கு இஷ்டம் இல்ல. அம்மா இருந்தாலாவது பரவால்ல."

அவனை என்ன செய்வது? அடிக்கலாம் என்றால் என்னைவிட உயரமாக இருக்கிறான். எழுந்து அடுப்படிக்குப் போய் ஒரு மூச்சு அழுதேன். வந்து மறுபடி ஒரு மூச்சு திட்டினேன். திட்டி முடித்ததும் பசித்தது, சாப்பிட்டேன்.

மறுநாள் கடைக்குப் போனதும் முதலாளி முன்னால் நின்றேன். ஆவணியில் முதல் முகூர்த்தமாகப் பார்த்து, முன்னால் ஒரு நாள், பின்னால் ஒரு நாள் வேண்டும் என்றேன். அவர் என்னை, கடையை மூடச் சொன்னவளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"முகூர்த்த நாள்லயாம்மா? அன்னைக்குப் பட்டு செக்‌ஷன்ல யார் நிப்பாங்க?"

"ஊர்ல இருக்கற எல்லாப் பொண்ணுக்கும் முகூர்த்தப் பொடவை எடுத்துக் குடுத்துட்டேங்க. எங்க வூட்டுக்கு ஒண்ணு எடுக்கணும். அதையும் இங்கயே எடுக்கறேன், லீவும் குடுங்க. இல்லன்னா ஆரணிக்குப் போய் எடுத்துக்கறேன், லீவு நானே எடுத்துக்கறேன்."

பட்டு வெளியே போவது அவருக்குப் பிடிக்காது. "என்ன கலர் பாக்கற?" என்றார். லீவு கிடைத்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு டீச்சர் வீட்டுக்கு நான்தான் முன்னால் நடந்தேன். அப்பாவும் ஊர்ப் பெரியவர்களும் பின்னால் வந்தார்கள். தம்பியை வரக் கூடாது என்று வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டோம். வழி முழுக்க எனக்கு ஒரே கேள்வி. குதிரைக்கு வாக்குக் கொடுத்திருந்தால் என்ன செய்வது? வீட்டு வாசலில் டீச்சரின் அப்பா நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"நீதானாம்மா அந்த அக்கா?" என்றார்.

"ஆமாங்க."

"இப்பதான் எம்பொண்ணு எல்லாம் சொல்லிச்சு. நீ வர மாட்டன்னு நெனச்சேன். எங்க வூட்லயும் அந்தக் கழுதைப் படம் ஓடுது. அதுல அக்காவே வராது." பிறகு உள்ளே திரும்பி, "ஏம்மா, பாய் எடுத்துப் போடு. வந்துட்டாங்க" என்றார்.

உள்ளேயிருந்து டீச்சர் தண்ணீர் கொண்டுவந்தாள். அவளை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குடை இல்லாமல் யாரோ போல இருந்தாள். "குதிரை... அந்த வேலூர் மாப்பிள்ளைக்கு இன்னா சொன்னீங்க?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவள் முகம் சிவந்து, சொம்பைக் கையில் கொடுத்து, "எனக்கு கார்ல போனா வாந்தி வரும்னு சொல்லிட்டேங்க அண்ணி" என்றாள். அண்ணி என்று அவள் கூப்பிட்டதும் நான் தண்ணீர் குடிக்க மறந்துவிட்டேன். பாயில் உட்கார்ந்து, அப்பா வழக்கம்போல் "இன்னா வகையறா?" என்று ஆரம்பித்தார். தெரிந்த விஷயம்தான், ஆனால் கேட்காமல் அவரால் பெண் கேட்க முடியாது.

ஆவணியில் ஊர்க் கோயில் முன்னால் பந்தல் போட்டோம். காற்றடித்தால் என்ன செய்வது என்று என் பெண்கள் இரண்டும் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டே நின்றன. எத்தனை சொல்லியும் விடவில்லை. மேளம் உயர்ந்தது. தம்பி முதல் முடிச்சைப் போட்டான். நான் பின்னால் நின்று அவன் கையிலிருந்து மஞ்சள் கயிற்றை வாங்கி, இரண்டாவது முடிச்சும் மூன்றாவது முடிச்சும் போட்டேன். கடையில் பார்சல் கட்டிப் பழகிய கை, கொஞ்சம் இறுக்கமாகப் போட்டுவிட்டேன் போல. "அண்ணி, மெதுவா" என்றாள். எனக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. நான் அந்த முடிச்சை விட மனசில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். அப்பா முதுகில் தட்டித்தான் விடவைத்தார்.

அன்று சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு, வழக்கமான நேரத்துக்கு டிவி போட்டார்கள். கழுதை பழையபடி கையில் பூவோடு சைக்கிளில் கிளம்பியது. புது மணமக்கள் பின்னால் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நான் என் பைக்குள் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு நாள்தான் இருந்தது, அதற்கடுத்த காலை பஸ்.

சின்னவள் டிவிக்கு ரொம்பப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, "எங்க மாமாவுக்கு ஆயிட்டுது! நீயும் உங்க அக்காவுக்கு ஒரு போன் போடு!" என்று கழுதைக்கு யோசனை சொன்னாள்.

"போடுவான், போடுவான்" என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "லீவு கெடைக்குமான்னு மட்டும் கேட்டுட்டு, எதுக்குன்னு சொல்லாம வெச்சிடுவான். கழுதை."